உப்புக் காற்றும் ஆபீஸ் நெட்டும்

மரக்காணம் உப்பளங்களில் மழை இறங்கினால் வேலை நின்றுவிடும். அந்த மாதங்களுக்காகத்தான் உப்பளத் தொழிலாளர் குடும்பங்களுக்கு 5,000 ரூபாய் நிவாரணத்தைத் தமிழக அரசு அறிவித்தது. விண்ணப்பம் போட வந்தவரிடம் ஆபீஸில் "நெட் இல்லை, நாளைக்கு வாங்க" என்றால்?

உடனே போன் கம்பெனியைத் திட்டுவோம். பொறுங்கள் நண்பர்களே! முதலில் கேபிள் செருகும் இடத்தில் விளக்கு எரிகிறதா பாருங்கள். அணைந்திருந்தால் கோளாறு பெரும்பாலும் கேபிளில், அல்லது அதன் முனையில். விளக்கு எரிந்தும் ஐ.பி. முகவரி 169.254 என்று ஆரம்பித்தால், ரவுட்டரிடமிருந்து முகவரி வரவில்லை, விண்டோஸே ஒன்றை வைத்துக்கொண்டது என்று அர்த்தம். கோளாறு அறைக்குள்தான்.

கேபிளுக்குள் 8 கம்பிகள். 100 எம்.பி. வேகத்துக்கு 1, 2, 3, 6 ஆகிய நாலே போதும். அதில் ஒன்று போனாலும் போச்சு. கடலோரத்தில் முனையில் உப்பு படியும். உப்பு காற்றின் ஈரத்தை இழுக்கும் (வீட்டு உப்பு ஜாடி கசிவது இதே கதைதான்!). தங்கப்பூச்சு தேய்ந்த இடத்தில் பச்சை பூக்கும். கழற்றி மாட்டினால் உயிர் வரும்... நாலு நாளைக்கு. முனையை வெட்டிவிட்டுப் புதிது அடிப்பதுதான் வைத்தியம். செலவு சில ரூபாய். அலமாரியில் நாலு முனையும் ஒரு கிரிம்பிங் டூலும் இருந்தால், திண்டிவனத்திலிருந்து ஆள் வரும்வரை யாரும் வாசலில் காத்திருக்க வேண்டாம்.