பட்டாசலில் ஒரு டியூப் லைட்

நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது எங்கள் ஊரில் சாயங்காலம் ஆறரை மணிக்கு டியூப் லைட் எரியாது. ஆச்சி சுவிட்சைப் போட்டுவிட்டுக் குத்துவிளக்கைத் துடைக்கப் போய்விடுவாள். பட்டாசல் சுவரில் அந்த நாலடிக் குழாயின் இரண்டு முனைகள் மட்டும் விட்டு விட்டுச் சிவக்கும், நடுவில் இருட்டாகவே கிடக்கும். ஊரெல்லாம் ஒரே நேரத்தில் விளக்குப் போடுகிற வேளை, வயக்காட்டில் பம்பு செட்டும் ஓடும், வோல்டேஜ் படுத்துவிடும். குண்டு பல்பின் மஞ்சள் வெளிச்சத்தில், பக்கத்து வீட்டு வெங்காயத் தாளிப்பு வாசனையோடு நான் கணக்குப் போட்டுக்கொண்டிருப்பேன். ஒன்பது மணிக்குச் சோறு ரசத்துக்கு வந்திருக்கும்போது, ஸ்டார்ட்டர் 'டிங் டிங்' என்று சொடுக்க, பட்டாசலே வெள்ளை வெளேரென்று ஆகும். தட்டு ஓரம் ஒதுக்கி வைத்த கறிவேப்பிலைகூடப் பச்சையாகத் தெரியும். "வந்துட்டாரு" என்பாள் ஆச்சி. வீட்டில் எத்தனையோ சாமான் இருந்தும் மரியாதை அந்த ஒன்றுக்குத்தான்.

சில நாள் ஒன்பதுக்கும் வராது. மறுநாள் காலையில் ஒயர்மேன் மாமா சைக்கிளைத் தார்சாவில் சாய்த்துவிட்டு வருவார். காக்கிப் பை, சட்டைப் பையில் டெஸ்டர், பேச்சில் வெற்றிலை மணம். முக்காலியில் அவர் ஏற, கீழே நான் அண்ணாந்து நிற்பேன். குழாய் மாட்டிய பட்டியை அசைத்தால் ஈசல் இறகும் பல்லி முட்டை ஓடும் தலையில் கொட்டும். சூடு கண்ட சோக்கிலிருந்து லேசான தார் வாசனை இறங்கும்.

"தொடாதட்டி, முதல்ல பாரு. எங்க சிவக்கு, எங்க கறுத்திருக்கு, சொல்லு" என்பார். இரண்டு முனையும் சிவந்தே நின்று நடுவில் எரியாவிட்டால் ஸ்டார்ட்டர் உள்ளே ஒட்டிக்கொண்டது என்று அர்த்தம். அதைத் திருகி வெளியே இழுத்ததுமே சில சமயம் விளக்குப் பளிச்சென்று எரிந்துவிடும். முனையில் துளிச் சிவப்பும் இல்லையென்றால், சுவிட்சை அணைத்துவிட்டுக் குழாயை ஹோல்டரில் ஒரு சுற்றுத் திருப்பிப் பார்ப்பார், முனைக் கம்பிகள் களிம்பேறியிருந்தால் சுரண்டுவார், அதற்கும் மசியாவிட்டால் அடுத்த அறைப் பட்டியில் மாட்டிப் பார்ப்பார். முனை கன்னங்கரேலென்று கறுத்து, விளக்கும் மினுங்கினால் குழாய்க்கு வயசாகிவிட்டது, புது ஸ்டார்ட்டர் போட்டுப் பலனில்லை. சோக்கைக் கடைசியில்தான் சந்தேகப்படுவார். ஆனால் மாட்டிய புதுக் குழாய் அளவுக்கு மீறிப் பளீரென்று எரிந்து உடனே போனால், இன்னொரு குழாயைத் தொடவே விடமாட்டார். சோக்கு ஷார்ட், அதை மாற்றாமல் எத்தனை போட்டாலும் போகும்.

ஒருநாள் செத்த ஸ்டார்ட்டரைத் திண்ணையில் வைத்து உடைத்துக் காட்டினார். அலுமினியக் குப்பிக்குள்ளே சுண்டுவிரல் நுனியளவு கண்ணாடிக் குமிழ், அதற்குள் வளைந்த சின்னத் தகடு. பக்கத்தில், ரேடியோவில் கரகரப்பு வராமலிருக்க ஒரு பொடிக் கண்டென்சர். சுவிட்சைப் போட்டதும் குமிழுக்குள் இருக்கிற வாயு மினுங்கிச் சூடேறும், இரண்டு உலோகம் சேர்ந்த அந்தத் தகடு சூட்டில் விரிந்து எதிர்க் கம்பியைத் தொடும், கரண்டு ஓடிக் குழாயின் இரு முனை இழைகளும் சிவக்கும். தொட்டதும் மினுங்கல் நிற்கிறது, தகடு ஆறி விலகுகிறது. "கரண்டு திடீர்னு அறுபட்டா சோக்கு சும்மா விடாது, ஒரு உதை விடும்." வீட்டுக்கு வருகிற 230 வோல்ட்டைவிடச் சில மடங்கு கூடின அந்த உதையில் குழாய்க்குள் இருக்கும் ஆர்கானும் பாதரச ஆவியும் பற்றிக்கொள்கின்றன. அதில் பிறப்பது பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிர். உட்பக்கம் பூசிய வெள்ளைப் பவுடர்தான் அதை நமக்குத் தெரிகிற வெளிச்சமாக்குகிறது. அதற்குப் பிறகு கரண்டு மிதமிஞ்சிப் பாயாமல் கட்டிவைப்பது சோக்கின் வேலை. ராத்திரியில் 'ம்ம்ம்' என்று கேட்குமே, அது சோக்கின் இரும்புத் தகடுகள் நடுங்குகிற சத்தம்.

நான் அரைகுறையாய் நம்பினதைப் பார்த்து, எரிகிற விளக்கிலிருந்தே ஸ்டார்ட்டரைக் கழற்றி என் உள்ளங்கையில் வைத்தார். விளக்கு அணையவில்லை. பற்றவைத்ததோடு அதன் ஜோலி முடிந்ததாம். எனக்கு ஒரே சந்தோஷம். நேரே அடுப்படிக்கு ஓடி, "ஆச்சி, வீட்டுக்கே ஒரு ஸ்டார்ட்டர் போதும், நானே ஒவ்வொரு விளக்காப் பத்தவச்சிட்டு வாரேன்" என்றேன். "கரண்டு பத்து தரம் போய்ட்டு வரும், பத்து தரமும் நீ முக்காலில ஏறுவியா?" என்று மாமா கேட்டதும்தான் திட்டத்தைக் கைவிட்டேன். ஆனால் அந்தச் செத்த ஸ்டார்ட்டரின் குமிழ் வெகுகாலம் என் பேனா டப்பாவில் இருந்தது.

பீஸ் போன குழாயை உடைத்து விளையாட எங்கள் தெருப் பிள்ளைகள் காத்துக்கிடப்பார்கள். மாமா தரமாட்டார். பாதரசமும் பவுடரும் மூச்சில் ஏறும் என்று தினத்தாளில் சுற்றிச் சைக்கிளில் கட்டிக்கொண்டு போய்விடுவார். அதற்காகவே அவரை இன்றைக்கும் பெரிய மனுசர் என்பேன்.

இப்போது எல்.இ.டி. பட்டி, வோல்டேஜ் கொஞ்சம் படுத்தாலும் தொட்டதும் எரிகிறது, மின்சாரமும் மிச்சம், குறை சொல்ல மாட்டேன். ஆனால் போனால் அப்படியே கழற்றிக் கடாசிவிட்டு வேறு வாங்குகிறோம். திண்ணையில் உடைத்துவைத்து, இது இன்னது, இது இதைச் செய்கிறது என்று ஒரு பிள்ளைக்குக் காட்ட அதில் ஒன்றுமில்லை. அது எனக்குப் பெரிய குறையாகத்தான் படுகிறது.