புதுப்பட்டை

எட்டியாந்தோட்டைக்கு மேலே, இறப்பர் தோட்டமொன்றின் டிஸ்பென்சரி வாங்கிலே, மூன்று நாளைக்கு முன் பால்வாளியோடு சறுக்கி விழுந்த ஓர் அம்மாவைக் கால் நீட்டி உட்காரவைத்து, அவருடைய இடது முழங்காலைச் சற்றே மடக்கி, ஒரு கையால் தொடையின் வெளிப்புறத்தை அணைத்துக்கொண்டு, மறு கையால் கணுக்காலை மெல்ல வெளிப்பக்கமாகத் தள்ளியபோது, மூட்டின் உட்புறம் கொஞ்சம் வாய் திறந்து, பின்பு எதிலோ தடைபட்டு நின்றதை என் விரல் நுனி உணர்ந்தது. இருபது வருஷங்களுக்கு மேலாக இயன்மருத்துவனாகச் சப்பிரகமுவையின் தோட்டங்களில் திரிந்துவரும் எனக்கு, தொழிலின் சாரம் எதுவென்று யாராவது கேட்டால், அந்தத் தடையை உணர்வதுதான் என்பேன். இழுத்த கயிறு இறுகி நிற்பதுபோல் அது நின்றால் உள்ளே நார் இருக்கிறது. சேற்றில் கால் புதைவதுபோல் குழைந்து போனால் நார் அறுந்துவிட்டது. அந்த அம்மாவுக்குப் பாதி அறுந்து பாதி எஞ்சியிருந்தது.

எங்கள் பக்கத்தில் முழங்காலுக்குள் எது பழுதுபட்டாலும் 'ஜவ்வு போய்விட்டது' என்ற ஒரே வார்த்தைதான். ஆனால் எலும்புகளுக்கிடையே மெத்தைபோல் கிடக்கும் குருத்தெலும்பு வட்டு வேறு. தசையை எலும்போடு சேர்க்கும் தசைநார் வேறு. எலும்பை எலும்போடு பிணைக்கும் பந்தனமாகிய லிகமென்ட் வேறு. முழங்காலைக் காக்கும் பிரதானமான பந்தனங்கள் நான்கு: பக்கத்துக்கு ஒன்றாக வெளியே இரண்டு, மூட்டின் நடுவே ஒன்றையொன்று குறுக்கிட்டபடி இரண்டு. சுசுருதர் தமது சம்ஹிதையிலே ஸ்நாயுக்கள் 900 என்று கணக்கிட்டு, பல கட்டுகளால் பிணைத்த பலகைகள் ஓடமாகி நீரில் பாரம் தாங்குவதுபோல, ஸ்நாயுக்களால் பிணைக்கப்பட்ட சரீரமும் பாரம் தாங்குகிறது என்று சொல்லி, எலும்பின் சேதத்தைக் காட்டிலும் ஸ்நாயுவின் சேதமே மனிதனைப் பெரிதும் கெடுக்கும் என்றும் குறிப்பிடுகிறார். மாணவனாக இருந்தபோது அந்தக் கூற்று எனக்கு மிகையாகத் தோன்றியது. முறிந்த எலும்பு திரும்பவும் எலும்பாகவே கூடுகிறது. அறுந்த பந்தனமோ தழும்பாகத்தான் கூடுகிறது என்ற விஷயத்தை நோயாளிகளின் கால்களிலே பிரத்தியட்சமாகக் கண்ட பிறகுதான் அதன் ஆழம் விளங்கியது.

ஆரோக்கியமான பந்தனத்தின் சீவல் ஒன்றை நுண்ணோக்கியில் முதன்முதலாகப் பார்த்த நாள் இன்றும் நினைவிலிருக்கிறது. மூன்றில் இரண்டு பங்கு நீர். எஞ்சியதில் பெரும்பகுதி கொலாஜன் என்னும் புரத இழை. அந்த இழைகள் விறைத்த கம்பிகளாக இல்லாமல், வாரி முடித்த கூந்தலை அவிழ்த்தாற்போன்ற சிறு சிறு அலைகளாக ஒரே திக்கில் ஓடிக்கொண்டிருக்க, அவற்றின் நடுவே நார் நெய்யும் உயிரணுக்கள் அங்கொன்றும் இங்கொன்றுமாக ஒடுங்கிக் கிடந்தன. காலை ஊன்றும்போது முதலில் அந்த அலைகள் நிமிர்கின்றன. அதற்கும் மேலே இழுத்தால்தான் இழை தன் பலத்தைக் காட்டுகிறது. நடுவிலிருக்கும் முன்குறுக்குப் பந்தனம் சுண்டுவிரல் பருமனே உள்ளது. ஆயினும் வாலிபத்தில் அது சுமார் 220 கிலோ பாரத்துக்குச் சமமான இழுவையைத் தாங்கிய பிறகே அறுகிறது.

பக்கத்துப் பந்தனம் அறுந்தால் அந்த இடத்தில் இரத்தம் உறைந்து கட்டியாகிறது. வீக்கமென்றும் சூடென்றும் நாம் வெறுக்கும் அந்த முதல் சில நாட்களில்தான் சிதைந்தவை அகற்றப்பட்டு, வேலை செய்ய வேண்டிய உயிரணுக்கள் அழைக்கப்படுகின்றன. அவை வந்து சேர்ந்து, சுமார் ஆறு வாரங்கள் வரையில், மூன்றாம் வகைக் கொலாஜன் என்னும் மெல்லிய இழைகளைத் திக்குத் திசையில்லாமல் நெய்து இடைவெளியை அடைக்கின்றன. அதன்பின் மாதக்கணக்காக, ஓராண்டு கடந்தும், மெல்லிய இழை கழிந்து முதலாம் வகையான தடித்த இழை அதன் இடத்தைப் பெறுகிறது. கால் எந்தத் திக்கில் இழுபடுகிறதோ அந்தத் திக்கில் இழைகள் வரிசைப்படுகின்றன. அவ்வளவும் நடந்தேறிய பிறகும் புதிய இழை பழைய இழையின் பருமனை எட்டுவதில்லை.

இதையெல்லாம் எனக்குத் தெரிந்த எளிய வார்த்தைகளில் சொல்லி முடித்தபோது, அந்த அம்மா கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "ஐயா, கத்தி ஆழமா எறங்கி மரம் காயமாச்சுன்னா, அந்த எடத்துல புதுப்பட்டை வழவழன்னு வராது. முண்டு முண்டாத்தான் வரும். பாலும் வரும், ஆனா கத்தி நேரா ஓடாது. அப்புடித்தானே?" என்று கேட்டார். வெட்டிய பட்டை புதுப்பட்டையாகித் திரும்பவும் கத்திக்கு ஆயத்தமாவதற்கு எத்தனை வருஷம் பொறுக்க வேண்டுமென்பதைக் கைப்பழக்கத்தால் அறிந்தவர் அவர். அன்று முதல் பால்வெட்டுகிற எவருக்கும் நான் அந்த உதாரணத்தைத்தான் சொல்லி வருகிறேன்.

இந்தப் பொறுமையை நானே கைவிட்ட ஒரு சந்தர்ப்பம் உண்டு. தொழிலின் ஆரம்ப காலத்தில், இறக்குவானைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் கொழுந்தெடுக்கும் பெண்ணொருவர், முழங்கால் நார் அறுந்து ஆறாவது வாரத்தில் வலியும் வீக்கமும் அறவே நீங்கியவராக வந்து, வேலைக்குப் போகக் கடிதம் கேட்டார். வலியில்லாததைக் குணம் என்று கொண்டு கொடுத்துவிட்டேன். ஏழாம் நாள், நனைந்த கூடையோடு செங்குத்தான மலையிலிருந்து இறங்குகையில் அதே இடம் மீண்டும் அறுந்தது. நோவு நீங்குகிற காலமும் நார் பலப்படுகிற காலமும் ஒன்றல்ல என்பதை நான் கற்றுக்கொண்டது அவருடைய காலில். அதற்கான விலையைக் கொடுத்தவரும் அவரே.

அதற்கு எதிர்த்திசையிலும் ஒரு பிழை உண்டு. பயத்தினால் காலை மாதக்கணக்காக அசையாமல் கட்டிவைப்பவர்களைக் காண்கிறேன். 1970களில் அமெரிக்காவில் பிராங்க் நோயஸ் என்ற வைத்தியர் குரங்குகளின் காலை எட்டு வாரம் அசைவின்றி வைத்துப் பார்த்தபோது, காயமே படாத பந்தனத்தின் பலத்தில் ஏறக்குறைய ஐந்தில் இரண்டு பங்கு குறைந்துபோயிற்று. ஒரு வருஷ நடமாட்டத்துக்குப் பிறகும் அது முழுவதும் திரும்பவில்லை. ஆகவே அளவான பாரம் நாருக்கு ஆகாரம் போன்றது. முதலில் மடக்கி நீட்டுதல், பிறகு சமதரை நடை, பிறகு படியேற்றம், கடைசியிலேதான் மலை இறக்கம் என்ற கிரமத்தை நான் எவருக்காகவும் மாற்றுவதில்லை.

பால்வெட்டும் அம்மாவின் தோட்டத்துப் பையன் ஒருவன், வொலிபோல் விளையாட்டில் எகிறி அடித்துத் தரையில் இறங்கும்போது 'படக்' என்று சத்தம் கேட்டு விழுந்து, இரண்டு மணி நேரத்துக்குள் முழங்கால் பந்தாக வீங்கிய நிலையில் என்னிடம் வந்தான். கெண்டைக்காலை முன்னே இழுத்துப் பார்த்தேன்; தடையென்பதே இல்லை. முன்குறுக்குப் பந்தனம் அறுந்திருந்தது. "பால்வெட்டுற அந்த அக்காவுக்குக் கத்தி வைக்காமலே ஆறிச்சே ஐயா, எனக்கு மட்டும் ஏன் ஆறாது?" என்று அவன் கேட்டான். "தம்பி, அவங்க நார் சதைக்குள்ள கெடக்குது, ரத்தம் உறைஞ்சு அங்கேயே நிக்கும், உன் நார் மூட்டுத் தண்ணிக்கு நடுவுல கெடக்குது" என்றேன். மூட்டுநீரில் இரத்தக்கட்டி நிலைத்து நில்லாமல் கரைந்துபோகிறது. பாலம் கட்டச் சாரம் இல்லாமையால் அறுந்த இரு முனைகளும் தனித்தனியே மூடிக்கொண்டு ஒதுங்கிவிடுகின்றன. காலை மடக்கிய நிலையில் சில வாரங்கள் வைத்திருந்து முனைகளை நெருங்கச் செய்தால் இந்த நாரும் கூடலாம் என்று ஆஸ்திரேலியாவில் 80 பேரிடம் நடந்த ஆராய்ச்சி 2023இல் வெளியாகி நம்பிக்கை ஊட்டியிருக்கிறது. நீண்டகால பலன் இனித்தான் தெரியவேண்டும். அவனுக்குத் தொடைத் தசைநாரை எடுத்துப் புதுப்பந்தனம் வைத்தார்கள். அப்படி வைத்த நாரும் முதலில் உயிரணுக்களை இழந்து, நலிந்து, பிறகே சிறுகச் சிறுக உயிர் பெறுகிறது. ஒன்பது மாதத்துக்கு முன் மைதானம் கூடாதென்று அவனுடைய தாயிடம் சத்தியம் வாங்கிக்கொண்டேன்.

பால்வெட்டும் அம்மாவுக்குச் சத்தியம் வாங்க என்னால் இயலவில்லை. பிரட்டு என்னும் காலை ஆள்கணக்குக்குப் போகாவிட்டால் பேர், அதாவது நாட்கூலி, இல்லை; பேர் இல்லாவிட்டால் அடுப்பு எரியாது. மழைக்காலத்தில் வெட்டு நின்று ஏற்கெனவே பல நாள் போயிருக்கும். அந்தத் தோட்டத்துக் கணக்கப்பிள்ளை மனமிரங்கி நான்கு மாதம் நாற்றுமேடையில் வேலை கொடுத்ததனால் அவருடைய கால் தேறியது. அது ஒரு மனிதரின் தயவாக நின்றுவிடக் கூடாது என்பது என் அபிப்பிராயம். துரைமாரையும் தொழிற்சங்கத் தலைவர்களையும் நான் வேண்டிக்கொள்வது இதுதான்: முழங்கால் நார் அறுந்த தொழிலாளிக்குக் குறைந்தது மூன்று மாதமாவது, நாற்றுமேடையிலோ பிள்ளை மடுவம் என்னும் குழந்தைக் காப்பகத்திலோ சமதரையான வேறிடத்திலோ வேலை கொடுங்கள்; அரைப்பேர் போடாமல் முழுப்பேரே போடுங்கள்.