பூக்காரம்மா வராத பத்து நாள்கள்

"சித்தப்பா, கூடு எத்தனை மணிக்கு வரும்? எங்கே நின்றால் நன்றாகத் தெரியும்?"

சென்னையிலிருந்து வந்திருந்த அண்ணன் மகன் இவ்வாறு கேட்டபோது நாங்கள் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அன்று 2023 ஆம் ஆண்டு டிசம்பர் 23. நாகூர்க் கந்தூரியின் சந்தனக்கூடு நாகப்பட்டினத்திலிருந்து புறப்படும் இரவு. எங்கள் இல்லத்திற்கும் தர்காவிற்கும் இடையே பத்து நிமிட நடைதூரம்தான். எனினும் அவன் கேள்விக்கு எங்களிடம் விடை இல்லை. எங்களுள் ஒருவர் இவ்வூரிலேயே பிறந்தவர். சிறுவயதில் தந்தையின் தோளில் அமர்ந்து கூடு பார்த்த மங்கலான நினைவு ஒன்றுதான் அவருக்கு உண்டு. மற்றவர் 1990 இல் மணமாகித் தஞ்சையிலிருந்து வந்தவர். வந்த ஆண்டில் ஒரே ஒருமுறை பார்த்தவர். அதற்குப் பிந்திய முப்பத்து மூன்று ஆண்டுகளிலும் அவ்விரவு எங்களுக்கு எவ்வாறு கழிந்தது? தண்ணீர்த் தொட்டியை நிரப்பிக்கொண்டோம். மிதிவண்டியை உள்ளே எடுத்து வைத்தோம். கதவைத் தாழிட்டு, காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு உறங்க முயன்றோம்.

"இந்த ஊரிலேயே இருந்துகொண்டா பார்த்ததில்லை?" என்று அவன் வியந்தான். அந்த வியப்பு எங்களுக்குச் சற்றே உறைத்தது. இதை எழுதத் தூண்டியதும் அதுவே.

வேளாங்கண்ணிக்கு வரும் அன்பர்களில் பலர் நாகூரையும் எட்டிப் பார்த்துவிட்டே ஊர் திரும்புவர். திருநள்ளாறு, நாகூர், சிக்கல், வேளாங்கண்ணி என நான்கையும் ஒரே பகலில் முடித்துக்கொடுக்கும் வேன் ஓட்டுநர்கள் இருக்கிறார்கள். ஆகவே தர்காவைப் பற்றி மிக விரிக்க வேண்டியதில்லை. 16 ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த ஷாகுல் ஹமீது நாயகத்தின் அடக்கத்தலம் அது. அதன் ஐந்து மினாராக்களில் உயர்ந்ததாகிய 131 அடிப் பெரிய மினாராவைக் கட்டிக்கொடுத்தவர் தஞ்சையை ஆண்ட மராட்டிய மன்னர் பிரதாப சிங். ஜமாதுல் ஆகிர் மாதம் பிறக்கையில், கப்பல் வடிவில் அமைந்த இரதங்களில் நாகையிலிருந்து கொடிகள் ஊர்வலமாக வந்து மினாராக்களில் ஏறும். பத்தாம் இரவு சந்தனக்கூடு வரும். விடியுமுன் அடக்கத்தலத்தில் சந்தனம் பூசப்படும். பின்னர்ச் சில நாள்களில் கொடி இறங்கும்.

இந்த நிகழ்ச்சி நிரலை வெளியூரார் எங்களைவிட நன்கு அறிவர். உள்ளூராராகிய எங்களுக்குக் கந்தூரி தொடங்கும் அடையாளம் வேறு. எங்கள் வீட்டுப் பூக்காரம்மா என்று வராமல் நிற்கிறாரோ அன்றுதான் எங்களுக்குக் கந்தூரி பிறக்கிறது.

ஆண்டு முழுதும் மாலை வேளையில் அவர் கூடையோடு வருவார். மாதா படத்திற்கு ஒரு முழம், தலைக்கு ஒரு முழம். முல்லை என்றால் அது பெரும்பாலும் வேதாரணியம் பக்கத்துக் கொல்லைகளில் விடியுமுன் பறித்ததாக இருக்கும். அந்த மணற்பாங்கான ஊர்களில் முல்லை ஒரு பெரும் பயிர். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்து வீழ்த்திய பின்னரும் தளிர்த்து எழுந்த பயிர். கொடி ஏறிவிட்டால் அந்தக் கூடை எங்கள் தெருப்பக்கம் திரும்பாது. தர்கா வாசலுக்குப் போய்விடும். ரோஜா இதழும் மல்லிகைச் சரமும் ஊதுபத்தியும் சர்க்கரையும் வைத்த தட்டுகளாகவும், அடக்கத்தலத்தின்மீது சார்த்தும் பூப்போர்வையாகவும் அப்பூக்கள் மாறிவிடும். பனி விழுந்து பூ வரத்துச் சுருங்கும் மார்கழியில் கந்தூரி வந்துவிட்டால் விலையைக் கேட்கவே வேண்டாம். அந்தப் பத்து நாளும் எங்கள் மாதா படத்தில் காய்ந்த சரமே தொங்கும். எங்களுள் ஒருவருக்குத் தாயும் மற்றவருக்கு மாமியாருமாகிய அம்மா இதற்காக ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. "மாதா கைமாத்தாக் குடுத்திருக்காங்க, அப்பறம் வாங்கிக்குவாங்க" என்பார்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். வேளாங்கண்ணியில் ஆகஸ்டு 29 கொடியேற்றம், செப்டம்பர் 8 பெருவிழா, அது மாறுவதில்லை. கந்தூரியோ பிறைக் கணக்கில் வருவது. ஆண்டுதோறும் பத்துப் பதினொரு நாள் முன்னே நகர்ந்து, ஏறக்குறைய முப்பத்து மூன்று ஆண்டுகளில் எல்லாப் பருவங்களையும் ஒரு சுற்றுச் சுற்றிவிடும். ஒரே ஒருமுறை வந்துபோகிறவருக்குக் கந்தூரி என்றால் அவர் கண்ட அந்தப் பருவம்தான். 2010 மே மாதத்தில் வந்தவர்க்கு அது கத்திரி வெயிலும் மோரும் கடற்கரைக் காற்றும். 1995 ஐப்பசியில் வந்தவர்க்கு அது அடைமழைக் காலத்துச் சேறும் குடையும். 2021 இல் பொங்கலையொட்டிக் கொடி ஏறியது. நோய்த்தொற்றுக் கட்டுப்பாடுகளால் பெருங்கூட்டம் கூடவில்லை. 2022 இல் ஜனவரியில் ஒன்றும் டிசம்பர் இறுதியில் மற்றொன்றுமாக ஒரே ஆண்டில் இருமுறை கொடி ஏறியது! சம்பா அறுவடை முடிந்த கையோடு கந்தூரி வந்தால் கடைத்தெரு நிறையும். கழனிச் செலவு மிகுந்த நடவுக் காலத்தில் வந்தால் வளையல் கடைக்காரர் வெறுமனே அமர்ந்திருப்பார். நெல் விளையும் நாட்டில் திருவிழாவும் நெல்லைப் பார்த்துத்தான் நடக்கவேண்டியிருக்கிறது.

2000 ஆம் ஆண்டை எங்களால் மறக்க முடியாது. அவ்வாண்டு கந்தூரியும் வேளாங்கண்ணித் திருவிழாவும் ஒன்றாய் வந்தன. கிழக்குக் கடற்கரைச் சாலை வழியே காவியுடுத்தி மாதா பாடல் பாடி நடந்து வந்தவர்களும், நாகூரை நோக்கி வந்தவர்களும் எங்கள் தெருமுனையில் ஒரே குழாயடியில் கால் கழுவினார்கள். ஒருபுறம் ஒலிபெருக்கியில் நாகூர் ஹனிபாவின் கம்பீரக் குரல். மறுபுறம் நடைப்பயணக் கூட்டத்தின் 'மரியே வாழ்க'. அம்மா மட்டும் மகிழ்ந்தார். நாங்களோ, இரு திருவிழாக்களின் குப்பையும் ஒரே வாரத்தில் சேர்ந்ததே என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தோம்.

1990 மார்கழிக்கு வருவோம். எங்களுள் ஒருவர் புதுமணப்பெண்ணாய் வந்த ஆண்டு அது. கிறிஸ்து பிறப்பு விழாக் கொண்டாடிய அதே வாரத்தில் சந்தனக்கூடும் வந்தது. அக்காலத்தில் எங்கள் திண்ணைக்குக் கதவு இல்லை. புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து வந்த ஒரு குடும்பம் அதில் மூட்டையை இறக்கியிருந்தது. ஐந்து வயது கடந்தும் பேச்சு வராத ஆண்குழந்தைக்காக நேர்ந்துகொண்டு வந்தவர்கள். அம்மா யாரையும் கேட்கவில்லை. பாயை எடுத்துப் போட்டார், சுடுசோறும் ரசமும் கொண்டுவந்து வைத்தார். பின்னர் மருமகளைப் பார்த்து, "நான் அடுப்படியை விட்டு நகர முடியாது. நீ இவங்களோடப் போயிக் கூட்டைப் பார்த்துட்டு வா" என்றார். இவ்வாறு, ஊருக்குப் புதிதாய் வந்தவர் ஊர்த் திருவிழாவைக் கண்டது வெளியூராரின் கையைப் பிடித்துக்கொண்டுதான்.

விளக்குகள் ஒளிரத் தலைகளின்மீது மிதந்துவரும் தோணிபோலக் கூடு அசைந்து வந்ததையும், குழந்தையைப் பெற்றவள் பூத்தட்டைக் கூட்டத்தில் கவிழாமல் நெஞ்சோடு அணைத்துக்கொண்டே சென்றதையும் அவர் இன்றும் சொல்வார். திரும்பி வருகையில் அந்தப் பெண், "நீ குடுத்து வச்சவ தாயி, தினமும் இந்த வாசத்துலயே இருக்க" என்றாளாம். அந்தப் பிள்ளை பின்னர்ப் பேசினானா, தெரியாது. திருத்தல ஊர்களில் வாழ்வோர்க்கு இது ஒரு விந்தையான நிலை. ஆயிரமாயிரம் பேர் தங்கள் துன்பக் கதையின் நடுப்பகுதியை மட்டும் எங்கள் வாசலில் விரித்துவிட்டுப் போகிறார்கள். முடிவு எங்களுக்கு வந்து சேருவதில்லை. வேளாங்கண்ணியிலுள்ள எங்கள் உறவினரும் இதையே கூறுவர்.

அம்மா 2003 இல் இறந்தார். இரண்டு ஆண்டுகள் கழித்துத் திண்ணைக்குக் கம்பிக்கதவு போட்டோம். காரணங்கள் இல்லாமல் இல்லை. விடிந்து பார்த்தால் திண்ணை முழுதும் எச்சில் இலை. பக்கத்துச் சந்தில் மூக்கைப் பிடிக்காமல் நடக்க முடியாது. ஓர் ஆண்டு மிதிவண்டி ஒன்று களவு போயிற்று. ஊர்வலம் வரும் பாதையில் மின்சாரத்தை நிறுத்தும்போது கைக்குழந்தையோடு விசிறிக்கொண்டு விழித்திருந்த இரவுகளும் உண்டு. தெருவே கதவு போட்டது, நாங்களும் போட்டோம். ஆயினும் ஒன்றை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். கூட்டத்தைக் குறைகூறும் இதே ஊர்தான் அந்தக் கூட்டத்தால் சோறு உண்கிறது. நாகூர் வாடாவும் அல்வாவும் விற்பவர், விடுதிக்காரர், ஆட்டோ ஓட்டுபவர் என யாரைக் கேட்டாலும் கந்தூரியை வைத்தே கடன் அடைப்பதாகச் சொல்வர்.

நாங்கள் வெளியூராராய்ப் போய் நின்ற நாளும் உண்டு. 2012 மே மாதத்தில் உதகைக்குப் பூக்காட்சி காணச் சென்றிருந்தோம். 1848 இல் அமைக்கத் தொடங்கிய அரசு தாவரவியல் பூங்காவில், 1896 முதல் நடந்துவரும் காட்சி அது. ஆயிரக்கணக்கான தொட்டிகளில் பூக்கள். அவற்றைவிட அதிகமான மனிதத் தலைகள். நாங்கள் தங்கியிருந்த வீட்டின் உரிமையாளரான அம்மையாரிடம் பூக்காட்சியைப் புகழ்ந்தோம். அவரோ, "கல்யாணமான வருஷம் பார்த்தது. இந்த ஒரு வாரம் மார்க்கெட்டுக்குப் போய்வரவே வழியில்லை" என்றார். வாசலிலேயே இருந்துகொண்டு இப்படியும் ஒருவர் இருப்பாரோ என்று நாங்கள் அன்று வியந்தோம். அண்ணன் மகன் எங்களைப் பார்த்து வியந்ததுபோலவே! உதகையில் நெரிசல் அளவுமீறிப்போய், 2024 மே 7 முதல் மலையேறும் வண்டிகளுக்கு இ-பாஸ் வேண்டும் என உயர்நீதிமன்றம் ஆணையிட்ட செய்தியைப் படித்தபோது அந்த அம்மையாரை நினைத்துக்கொண்டோம்.

2023 டிசம்பர் 23 இரவுக்குத் திரும்புவோம். நள்ளிரவு கடந்திருக்கும். கம்பிக்கதவுக்கு வெளியே படியில் ஐந்தாறு பேர் அமர்ந்திருந்தனர். அவர்களுள் முதியவர் ஒருவர் வாழையிலையில் சுற்றிய பூவை மடியில் வைத்திருந்தார். உள்ளே விளக்கெரிவதைப் பார்த்து, "ஏம்மா, பூ வாடுது. தெளிக்கக் கொஞ்சம் தண்ணி குடுப்பியா?" என்று கேட்டார். சொம்பில் தண்ணீர் எடுத்துக்கொண்டு போனோம். சொம்பு கம்பியிடையே நுழையவில்லை. சாய்த்துப் பார்த்தோம், திருப்பிப் பார்த்தோம், நுழையவில்லை. பின்னர்ச் சாவியைத் தேடினோம். இரவில் திறந்தறியாத பூட்டு அது. சாவி கிடைக்கவே நெடுநேரமாயிற்று. அதுவரை அந்த முதியவர் பொறுமையாக எங்களைப் பார்த்துக்கொண்டே இருந்தார். எங்களால்தான் அவரை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

கதவு திறந்ததும் அவர் திண்ணையில் அமர்ந்து பூவுக்கு நீர் தெளித்தார். "கூட்டத்துல என்னால நிக்க முடியாது. பூ போய்ச் சேந்தாப் போதும்" என்றார். எதற்காக நேர்ந்துகொண்டார் என்று அவர் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. "நீங்க வரலையா?" என்று மட்டும் கேட்டார்.

சென்றோம். எங்கே நின்றால் கூடு நன்றாகத் தெரியும் என்பது எங்களுக்குத் தெரியாது. ஆனால் எந்தச் சந்தில் நுழைந்து எந்தத் தெருவில் திரும்பினால் நெரிசலில் சிக்காமல் போகலாம் என்பது உள்ளூராராகிய எங்களுக்குத் தெரியும். அந்தச் சந்துகளின் வழியே முதியவரைக் கைத்தாங்கலாக அழைத்துச் சென்றோம். அண்ணன் மகன் கைப்பேசியை உயர்த்திப் பிடித்தபடி முன்னே நடந்தான்.

விடியற்காலைப் பனியில் கூடு வந்தது. சந்தனமும் பூவும் வியர்வையும் ஜெனரேட்டர்ப் புகையும் ஒன்றாய்க் கலந்த மணம். அண்ணன் மகன் அனைத்தையும் உள்ளங்கையகலத் திரையில் பார்த்துக்கொண்டிருந்தான். முதியவரோ கூட்டைப் பார்க்கவேயில்லை. பூவைத் தலைக்குமேல் ஏந்திக் கண்களை மூடியிருந்தார். எங்களுள் இவ்வூரில் பிறந்தவருக்கு ஒரு திகைப்பு. தந்தையின் தோளில் இருந்து பார்த்தபோது கூடு கண்ணுக்கு நேராக வந்ததாக நினைவு. இப்போது அண்ணாந்து பார்க்கவேண்டியிருந்தது. மற்றவரோ, வீட்டில் அடுப்பெரிகிறதா என்று பார்க்கத் திரும்புகிறவர்போல, எங்கள் தெரு இருந்த திசையை ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.

அன்று மாலை குடில் கட்டி முடித்து, நள்ளிரவுத் திருப்பலிக்கு ஆயத்தமாகிக்கொண்டிருந்தபோது பூக்காரம்மா வந்தார். கூடையில் செவ்வந்தியும் சிறிது முல்லையும் இருந்தன. விலை இருமடங்கு. வழக்கம்போல் பேரம் பேசினோம். வழக்கம்போல் அவரே வென்றார். முல்லையை அவர் முழம் போடும்போது, "இந்தத் தடவை நாங்க கூடு பார்த்துட்டோம். நீங்க பார்த்தீங்களா?" என்று கேட்டோம்.

"கடையப் போட்டுட்டு எங்கம்மா போறது? நாப்பது வருசமா அந்த வாசல்லதான் ஒக்காந்திருக்கேன். முதுகுப் பக்கமாப் போவும். சத்தத்தை வச்சுத் தெரிஞ்சுக்குவேன்" என்றார்.

பிறகு, "குடிலுக்கு ரெண்டு முழமா, மூணா?" என்று கேட்டார்.

மூன்று என்றோம்.