பிழைக்கும் ஒரு பிறப்பிடம் உண்டு

திருவனந்தபுரத்துச் சாலைக் கடைத்தெருவை ஒட்டிய ஆரியசாலையில் தமிழ் வணிகக் குடும்பங்கள் தலைமுறைகளாக வாழ்ந்து வருகின்றன. அத்தகைய வீடுகளின் பழைய பெட்டிகளில் திருவிதாங்கூர் நாணயங்கள் கிடைப்பது வியப்பன்று. 16 காசு ஒரு சக்கரம், 4 சக்கரம் ஒரு பணம், 7 பணம் ஒரு திருவிதாங்கூர் ரூபாய் என்பது அன்றைய கணக்கு. இன்று அப்பெட்டியைத் திறக்கும் பேரப்பிள்ளை, முத்திரை ஒருபுறம் ஒதுங்கிய நாணயம் ஒன்றைக் கண்டதும் கைப்பேசியில் அதன் விலையைத் தேடுகிறார். “பிழை நாணயம், பல இலட்சம் பெறும்” என்று யாரோ சொல்லும் காணொளி உடனே வந்து நிற்கிறது.

விலைக்கு முன்னர் எழ வேண்டிய கேள்வி வேறு: அந்தப் பிழை எங்கே பிறந்தது?

அரைக் கிராம்கூட எடையில்லாத பழைய வெள்ளிச் சக்கரம் கையால் அடிக்கப்பட்டது. அவற்றை ஒவ்வொன்றாக எண்ணுவது அரிது என்பதால் குழிகள் நிறைந்த சக்கரப் பலகையில் கொட்டி எண்ணினர். அத்தகைய நாணயத்தில் முத்திரை விலகி நிற்பது இயல்பே. எல்லா நாணயங்களும் ஒன்றுபோல் அமைய வேண்டும் என்ற நெறியை இயந்திரம் கொண்டுவந்த பின்னரே, விலகல் ‘பிழை’ என்னும் தகுதியைப் பெறுகிறது.

இயந்திரப் பிழைக்குக் காரணம் உண்டு. அக்காரணம் தன் தடயத்தை விட்டுச் செல்லும். அடிக்கப்பட்ட நாணயம் மேலச்சிலேயே ஒட்டிக்கொண்டால், அடுத்து வரும் வெற்றுவில்லையின் ஒரு முகம் வழக்கம்போல் அமையும். மறுமுகத்தில் அதே முத்திரை இடவலம் மாறிக் குழிவாகப் பதியும். சேகரிப்பாளர் இதனை ‘லக்கி’ என்பர். இதைப் போலியாகச் செய்ய விரும்புவோர் இரண்டு நாணயங்களைப் பட்டறை வைஸில் வைத்து நெரிக்கின்றனர். ஆனால் உண்மையான லக்கியின் குழிவு வெற்று உலோகத்தில் பதிந்தது. போலியில் அக்குழிவின் அடியில் ஏற்கெனவே இருந்த முத்திரை நசுங்கிக் கிடக்கும். உருப்பெருக்கியின் கீழ் அது மறையாது.

வில்லை தகட்டிலிருந்து வெட்டப்படும்போது முந்தைய துளையின்மேல் விழுந்தால் பிறை வடிவில் ஒரு பகுதி குறையும். விளிம்பை உயர்த்தும் பொறியில் அவ்விடத்தில் எதிரழுத்தம் கிட்டாமையால், நேர் எதிர்ப்புற விளிம்பும் பெரும்பாலும் மங்கியிருக்கும். இதனைப் பிளேக்ஸ்லி விளைவு என்பர். அரத்தால் அறுத்தவருக்கு எதிர்ப்புறத்தைப் பற்றிய நினைவே இராது.

முத்திரை விலகிய நாணயத்திற்குத் தராசு துணை செய்யும். செம்பு–நிக்கல் 5 ரூபாயின் எடை 9 கிராம். முத்திரை பாதி விலகினாலும் உலோகம் குறைவதில்லை. எனவே எடை ஏறத்தாழ 9 கிராமாகவே இருக்க வேண்டும். ஒரு பக்கத்தைத் தேய்த்து ‘விலகல்’ உண்டாக்கியிருந்தால் எடை குறைந்து காட்டிக்கொடுக்கும்.

நாணயத்தை நோட்டம் பார்ப்பவரைப் பழந்தமிழர் வண்ணக்கர் என்றனர். சங்கப் புலவர் வடமவண்ணக்கன் பேரிசாத்தனாரின் பெயரிலேயே அத்தொழில் நிலைத்திருக்கிறது. அவ்வளவு தொன்மையான ஒரு தேர்ச்சி இன்று விளம்பரக் காணொளிகளுக்கு இடம் விட்டிருப்பதன் விலையை எளியோரே செலுத்துகின்றனர். பழைய நாணயங்களை வாங்க, விற்க உதவுவதாகக் கூறித் தன் பெயரையும் சின்னத்தையும் காட்டிக் கட்டணமும் தரகும் வரியும் கேட்போர் இருப்பதாக இந்திய ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்டில் எச்சரித்தது. இத்தகைய பரிமாற்றங்களில் தான் ஈடுபடுவதில்லை என்றும் அது தெளிவுபடுத்தியது.

இழப்பு பணத்தோடு நிற்பதுமில்லை. ஒரு நாணயச்சாலையில் அச்சு எவ்வாறு தேய்ந்தது, வில்லை எவ்வாறு வெட்டப்பட்டது, பொறி எங்கே தடுமாறியது என்பதற்குப் பிழை நாணயம் முதன்மைச் சான்று. போலி ஒன்று அருங்காட்சியகத்திலோ ஆய்வேட்டிலோ இடம்பெற்றால், நடவாத நிகழ்வொன்று வரலாறாகிவிடும். ஆகவே நாணயவியல் மாணவர் ‘இது எவ்வளவு அரியது?’ என்று கேட்பதற்கு முன், ‘எந்தப் பொறியின் எந்தக் கட்டத்தில் இது நேர்ந்திருக்க இயலும்?’ என்று கேட்கப் பழக வேண்டும். அதற்கு விடை கிட்டாத குறை, பெரும்பாலும் நாணயச்சாலைக்கு வெளியே பிறந்த குறையே.