67 வயதில் கடைசி பெஞ்சு



"ஐயா, அந்த ஊர்ல எப்படிப் பொழுது போகுது?" என்று பலர் கேட்டிருந்தீர்கள். தனித்தனியாகப் பதில் எழுத விரல் ஒத்துழைக்கவில்லை. எல்லோருக்குமாக இது.

நான் இருப்பது மத்திய அமெரிக்காவில், கோஸ்டாரிகா நாட்டில், சான்டா குரூஸ் என்ற சிற்றூர். துரியால்பா எரிமலையின் சரிவில் இருக்கிறது. கீழே நகரத்தில் உள்ள வேளாண் ஆராய்ச்சி நிலையத்தில் என் மகள் காப்பிச் செடிக்கு வரும் நோய்களை ஆராய்கிறாள். உங்கள் அம்மா போன பிறகு, நான் தனியாக இருக்க வேண்டாம் என்று அழைத்துக்கொண்டாள். வந்து ஒன்றரை வருடம் ஆகிறது.

ஊர் நடுவில் தேவாலயம், அருகே பந்து மைதானம், பள்ளிக்கூடம், ஒரு சின்ன மளிகைக் கடை. சுற்றிலும் மேய்ச்சல் நிலம். இங்கே செய்யும் வெள்ளைப் பாலாடைக்கட்டி நாடு முழுக்கப் பெயர் பெற்றது. வீட்டுக்குக் கதவு எண் கிடையாது. 'தேவாலயத்திலிருந்து 200 மீட்டர் தெற்கே, பச்சை வீடு' என்பதே என் முகவரி. நம் சௌசௌவுக்குப் பூர்வீகம் இந்தப் பக்கம்தான். கடையில் வெல்லக்கட்டி கூடக் கிடைக்கிறது, அதை வெந்நீரில் கரைத்துக் குடிக்கிறார்கள். 1948-ல் ராணுவமே வேண்டாம் என்று கலைத்துவிட்ட நாடு இது.

ஆனால் நான் சொல்ல வந்தது வேறு.

இங்கே எல்லோரும் பேசுவது ஸ்பானிஷ். 34 வருடம் தமிழ் கற்பித்தவன், கடையில் உப்பு கேட்கத் தெரியாமல் விரலால் காட்டிக்கொண்டு நின்றேன். ஒருநாள் கடைக்கார அம்மா, 'கசாதோ?' என்று கேட்டார். கல்யாணம் ஆனவரா என்று அர்த்தம். நானும் பெருமையாக, "ஆமாம், கன்சாதோ" என்றேன். கன்சாதோ என்றால் களைத்துப்போனவன். ஒரு 'ன்' கூடிப்போயிற்று. அந்த அம்மா சிரிக்கவில்லை. உள்ளே போய் ஒரு நாற்காலி கொண்டுவந்து போட்டார். வீட்டுக்கு வந்து மகளிடம் கேட்டபோதுதான் விஷயம் புரிந்தது. யோசித்தால், அன்று நான் சொன்னதும் பொய்யில்லை.

இப்போது எனக்கு ஒரு டீச்சர் இருக்கிறார். பக்கத்து வீட்டுப் பாட்டியின் பேத்தி, இரண்டாம் வகுப்பு. மாலை மழை பிடித்துக்கொண்டதும் தன் பாடப்புத்தகத்தோடு எங்கள் திண்ணைக்கு வந்துவிடுவாள். நான் எழுத்துக்கூட்டி வாசிக்க வேண்டும். தடுக்கினால், 'ஓத்ரா வேஸ்' என்பாள். இன்னொரு முறை என்று பொருள். ஒரே வரியை ஏழெட்டு முறை தப்பாகப் படித்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் அதே குரலில் 'ஓத்ரா வேஸ்'.

அவள் என்னை 'உஸ்தெத்' என்கிறாள். நம் 'நீங்கள்' போன்ற மரியாதைச் சொல். வயதானவன் என்பதற்காக என்று நினைத்தேன். பிறகு கவனித்தால், அவள் பாட்டி அவளையும் அப்படித்தான் சொல்கிறார். வீட்டு நாயைக்கூட 'நீங்கள்' என்றே அதட்டுகிறார்கள்.

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

1992-ல் எட்டாம் வகுப்பில் இருந்தவர்களுக்கு நினைவிருக்கும். வீட்டில் கன்னடம் பேசும் பையன் ஒருவன், ஜன்னலோரக் கடைசி பெஞ்சு. செய்யுள் வாசிக்கச் சொன்னால் 'ழ' வரும் இடத்திலெல்லாம் தடுக்குவான். "டேய், நாக்குல என்னடா வெச்சிருக்க?" என்றேன். வகுப்பே சிரித்தது. சிரிப்பு வந்ததில் எனக்கும் கொஞ்சம் சந்தோஷம், மறைக்க மாட்டேன். நாலு நாள் தொடர்ந்து பெஞ்சு மேல் ஏற்றி நிறுத்தினேன். அரையாண்டுத் தேர்வுக்குப் பிறகு அவன் வரவில்லை. வருகைப் பதிவேட்டிலிருந்து பெயரை நீக்கினேன். ஏன் வரவில்லை என்று வீட்டுக்குப் போய் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அவனுக்கு ஒரு 'இன்னொரு முறை' நான் கொடுக்கவில்லை.

போன மாதம் 14-ம் தேதி இங்கே விளக்குத் திருநாள். 1821 செப்டம்பர் 15-ல் கிடைத்த சுதந்திரத்துக்காக, முந்தின நாள் மாலை பிள்ளைகள் கையால் செய்த விளக்குகளோடு ஊர்வலம் போவார்கள். சரியாக 6 மணிக்கு எல்லோரும் நின்று தேசிய கீதம் பாடினார்கள். உங்களுக்கு அப்போது மறுநாள் விடியற்காலை 5.30. என் டீச்சர் எனக்கும் ஒரு அட்டை விளக்கு செய்து தந்திருந்தாள். முதல் வரி மட்டும் பாடினேன், அதுவும் தப்பாக. அவள் என்னை நிமிர்ந்து பார்த்துத் தலையை ஆட்டிவிட்டு, தொடர்ந்து பாடினாள்.

அந்தப் பையனுக்கு இப்போது 46, 47 வயதிருக்கும். யாருக்காவது அவரைத் தெரியுமென்றால், பெயரை இங்கே எழுத வேண்டாம். எனக்குத் தனியாகத் தெரியப்படுத்துங்கள். ஒருமுறை பேச வேண்டும். இந்தத் தடவை 'நீங்கள்' என்று சொல்லி. அவருக்குப் பேச விருப்பமில்லை என்றால், அதையும் சொல்லிவிடுங்கள். அது அவர் உரிமை.

உங்களில் ஆசிரியர் வேலையில் இருப்பவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். நாளைக் காலை வகுப்புக்குப் போனதும் கடைசி பெஞ்சை ஒருமுறை பாருங்கள்.

உடம்பு நன்றாக இருக்கிறது. பொங்கலுக்கு வருவேன்.

அன்புடன்,
உங்கள் தமிழய்யா