நாலு வாட் றேடியோ

புதிதாக ட்ரக் ஓட வருகிற பெடியள், ட்ரக்காரர் தங்களுக்குள் பேசுகிற சிபி றேடியோ பற்றிக் கேட்டால், முதற்கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "அண்ணை, எந்த றேடியோ நல்லது?" நான் திருப்பிக் கேட்பேன்: "அன்ரெனாவை எங்கை பூட்டப் போறீர்?" அதற்குப் பதில் இருக்காது. ட்ரக் ஸ்ரொப் கடைகளில் றேடியோ கண்ணாடிப் பெட்டிக்குள் பளபளத்துக்கொண்டிருக்கும். அன்ரெனா ஒரு மூலையில் தும்புத்தடிகளுக்குப் பக்கத்தில் நிற்கும். காசெல்லாம் பெட்டிக்குப் போய்விடும்.

விலை எதுவானாலும் சட்டம் ஏ.எம். முறையில் அனுமதிப்பது 4 வாட்தான். கூடுதல் காசுக்குக் கிடைப்பது நல்ல ஒலிபெருக்கி, இரைச்சல் வடிகட்டி, இரவில் எரியும் வண்ண விளக்கு. அந்த நாலு வாட்டும் ட்ரக்கை விட்டு வெளியே போவதா, வயருக்குள்ளேயே சூடாகிச் சாவதா என்பதைத் தீர்மானிப்பது பூட்டுகிற கை.

சிபியின் 40 சனல்களும் 26.965 முதல் 27.405 மெகாஹேர்ட்ஸ் வரை அடங்கிவிடும். அலைநீளம் ஏறக்குறைய 11 மீற்றர். அதில் கால்வாசி உயரமாவது அன்ரெனா கேட்கும். அது ஒன்பது அடி. ட்ரக்கின் கண்ணாடிச் சட்டத்தில் ஒன்பது அடிக் கம்பியை நிறுத்தினால் முதலாவது பாலமே அதை வாங்கிக்கொள்ளும். ஆகவே நாலடி ஃபைபர் கிளாஸ் தடியில் கம்பியைச் சுற்றி, நீளத்தைச் சுருளுக்குள் ஒளித்து விற்கிறார்கள். நீளம் குறையக் குறைய வலுவும் குறையும். இரண்டடி அன்ரெனா அழகுக்கு மட்டும்.

ஆனால் தடி பாதி அன்ரெனாதான். மற்றப் பாதி வாகனத்தின் உடம்பு. இரும்புக் கூரையின் நடுவில் காந்தத்தால் ஒட்டிய அன்ரெனா பிக்கப்பில் அவ்வளவு நன்றாக வேலை செய்வதற்குக் காரணம் அதுதான். இன்றைய ட்ரக்குகளில் முன்மூடி ஃபைபர் கிளாஸ், கபின் பெரும்பாலும் அலுமினியம், கண்ணாடிச் சட்டத்துக்கும் கதவுக்கும் இடையில் பிளாஸ்ரிக். பார்க்க உலோகத்தில் பூட்டியதுபோல இருக்கும். மின்சாரத்தைக் கேட்டால் அந்தச் சட்டம் அந்தரத்தில் தொங்குகிறது. மல்ரிமீற்றரின் ஒரு முனையைச் சட்டத்திலும் மற்றதைப் பற்றரியின் நெகற்றிவிலும் வைத்துப் பார்க்காமல் யாரும் வேலையைத் தொடங்கக்கூடாது. தொடர்பு இல்லையென்றால் பிராக்கெற் உட்காரும் இடத்தில் பெயின்ற்றைச் சுரண்டி உலோகத்தை வெளியே எடுத்து, பல்லுள்ள வோஷர் ஒன்றை வைத்து முறுக்கி, பின்னல் செப்பு நாடாவால் கபினோடும் சேசியோடும் இணைக்க வேண்டும்.

அங்கேயே இன்னொரு சின்னச் சாமான் இருக்கிறது: தோள்வைத்த ஒரு வெள்ளை நைலோன் வோஷர். அன்ரெனா ஏறி நிற்கும் ஆணி பிராக்கெற்றில் தொடாமல் இருப்பது அதனால்தான். அதை மாறி வைத்தாலோ, இறுக்கும்போது அது வெடித்துவிட்டாலோ, நடுக்கம்பி நேரே உடம்பில் முட்டி எல்லாம் ஷோர்ட். எத்தனையோ "பழுதான" றேடியோக்களை நான் திருத்தியது சில சதம் பெறுமதியான இந்த வளையத்தை மாற்றித்தான்.

பூட்டிய பிறகு எஸ்.டபிள்யூ.ஆர். மீற்றர். அன்ரெனா ஏற்காமல் எவ்வளவு சக்தியைத் திருப்பி அனுப்புகிறது என்று காட்டுவது அது. ஊசி 3 காட்டினால் கால்வாசி திரும்பி வருகிறது, 1.5 என்றால் நூற்றுக்கு நாலு. 2க்குக் கீழே வந்தால் ஓடலாம். 3க்கு மேலே என்றால் மைக் பொத்தானைத் தொடாதீர்கள், றேடியோவின் கடைசி ட்ரான்சிஸ்ரர் வெந்துபோகும். வெளியான இடத்தில், கதவுகளை மூடிக்கொண்டு அளக்க வேண்டும். பக்கத்தில் இன்னொரு ட்ரெயிலர் நின்றால் ஊசி பொய் சொல்லும். முதலில் 1ஆம் சனல், பிறகு 40ஆம் சனல். 40இல் கூடுதலாக இருந்தால் அன்ரெனா நீளம். நுனித் திருகாணியை உள்ளே விடுங்கள். 1இல் கூடுதலென்றால் கட்டை, வெளியே எடுங்கள். இரண்டிலும் ஒரேயளவு உயரமென்றால் நுனியோடு மினக்கெட வேண்டாம். கோளாறு அடியில், நைலோன் வளையத்திலோ பூமித் தொடர்பிலோ இருக்கிறது.

இரண்டு கண்ணாடியிலும் இரண்டு அன்ரெனா வைப்பது பார்க்க எடுப்புத்தான். அவற்றுக்கிடையில் ஒன்பது அடியாவது இல்லாவிட்டால் பெரிய லாபமில்லை. காருக்கு இரட்டைக் கொம்பு கேட்டு வருகிறவர்களை நான் திருப்பி அனுப்பிவிடுவேன்.

மின்சாரத்துக்கு, பெரிய ட்ரக்குகளில் தலைக்கு மேலேயே சிபிக்கென்று சிவப்பும் கறுப்பும் ஆணிகள் இருக்கும். பிக்கப்பில் பற்றரியிலிருந்தே நேரே வயர் இழுத்து, பற்றரிக்குப் பக்கத்தில் ஃபியூஸ் போடவேண்டும். சிகரெற் லைற்றர் துளையில் செருகினால் எஞ்சினின் வேகம் ஏற ஏற ஒரு ஊளை றேடியோவுக்குள் ஏறும், அது ஓல்ரநேற்றர். பொருளாதாரத் தடைக் காலத்து யாழ்ப்பாணத்தில் பற்றரி இல்லாமல் சைக்கிள் டைனமோவைச் சுற்றிச் செய்தி கேட்ட தலைமுறை என்னுடையது. மிதிக்கிறவன் களைத்தால் செய்தியும் களைக்கும். அதனால் மின்சாரம் எங்கிருந்து வருகிறது என்பதில் எனக்குக் கொஞ்சம் கூடுதல் கவனம். எஞ்சினை நிறுத்தியும் இரைச்சல் நிற்காவிட்டால் மலிவான போன் சார்ஜரையும் டாஷ் கமெராவையும் ஒவ்வொன்றாகக் கழற்றிப் பாருங்கள், கள்ளன் பிடிபடுவான்.

அமெரிக்காவில் 1958இல் 23 சனல்களோடு தொடங்கிய சேவை இது. கனடாவுக்கு 1962இல் வந்தது. 1973 எண்ணெய் நெருக்கடியும் அதையடுத்து வந்த 55 மைல் வேக எல்லையும்தான் இதை ட்ரக்காரரின் கையில் கொடுத்தன: எங்கே டீசல் கிடைக்கும், எங்கே பொலிஸ் நிற்கிறது. கூட்டம் தாங்காமல் 1977இல் சனல்கள் 40 ஆகின. இன்று அந்த இரண்டு கேள்விக்கும் போன் பதில் சொல்கிறது. ஒன்ராறியோவின் ஹைவே 401இல், ட்ரக்காரர் பேசுகிற 19ஆம் சனல் மணிக்கணக்காக மூச்சுவிடாமல் கிடக்கும்.

பிறகு ஏன்? ராலின்ஸுக்கும் லாரமிக்கும் இடையில், வயோமிங் ஐ-80இல், காற்று நிலத்துப் பனியைக் கிளப்பும்போது தெரியும். முன்னால் ட்ரெயிலர் குறுக்கே கிடக்கிறது என்பதை வரைபடம் சிவப்பாக்கும்வரை காத்திருந்தால், நீங்களும் அந்தச் சிவப்பில் ஒரு புள்ளி. அதைக் கடந்த ஒருவர் மைல் எண்ணோடு சொன்னால் பிரேக் பிடிக்க நேரம் கிடைக்கும். ஒன்ராறியோவிலேயே, வாவாவை அண்டிய ஹைவே 17இல் போன் சமிக்ஞை அறுந்த இடங்களில், எதிரே வருகிறவர் பார்த்த கடமான் உங்களுக்கும் உதவும். சில ஆலைகளிலும் கல்குவாரிகளிலும் எந்தச் சனலில் கூப்பிட வேண்டும் என்று வாசலில் எழுதியே வைத்திருப்பார்கள்.

பேசுகிற முறை சுருக்கமானது. போகும் திசை, மைல் எண், லேன், விஷயம். "ஈஸ்ற்பவுண்ட், மைல் 290, வலது லேன், அலிகேற்றர்" என்றால் வெடித்த ரயரின் தோல் ஒன்று அங்கே கிடக்கிறது. அதற்குமேல் வேண்டாம். என் உச்சரிப்பைக் கேட்டுக் கேலி செய்கிறவர்களும் உண்டு, அதைவிட மோசமாகப் பேசுகிறவர்களும் உண்டு. அதற்குத்தான் வொல்யூம் குமிழ்.

இரைச்சலை வெட்டுகிற ஸ்குவெல்ச் குமிழை, இரைச்சல் அடங்கும் இடத்தோடு நிறுத்துங்கள். இன்னும் திருப்பினால் தூரத்துக் குரல்கள் செத்துவிடும். பனிக்காலத்தில் நான் அதை முழுதாகத் திறந்து இரைச்சலோடுதான் ஓடுவேன். சூரியன் கொதிக்கிற ஆண்டுகளில் அயனமண்டலம் இந்த அலைகளை மடக்கி அனுப்பும். அப்போது டெக்சாஸ்காரர் வீட்டுக்குள் வந்து பேசுவார். இரண்டு மைல் முன்னே போகிற ஆளின் குரல் கேட்காது. சிலர் இதை வெல்லலாம் என்று சட்டவிரோதப் பெருக்கிகளை வைத்து ஆயிரம் வாட்டில் கத்துகிறார்கள். நாலு வாட்டில் பதில் சொல்கிறவனின் குரலை அந்தப் பெருக்கி கூட்டித் தராது. சரியாகப் பூட்டிய அன்ரெனா வாய்க்கும் உதவும், காதுக்கும் உதவும்.

பேசி முடித்ததும் மைக்கைக் கொளுவியில் மாட்டவேண்டும். சீற்றில் போட்டால் ஏதாவதில் நெரிந்து பொத்தான் அமுங்கிவிடும். பிறகு அந்த ஆளுக்கு யாராலும் சொல்ல முடியாது, அனுப்பிக்கொண்டிருக்கிற றேடியோ கேட்காது. கிங்ஸ்ரனுக்குக் கிழக்கே ஒருநாள் 19ஆம் சனல் முழுக்கத் தமிழ்: வீட்டுக்கடன், மச்சானின் கலியாணத்துக்கு யார் யாருக்குச் சொல்லவில்லை, சீட்டுக்காசு. நான் எட்டிப் பிடித்து, பக்கத்தில் போய், ஹோர்ன் அடித்து மைக்கைத் தூக்கிக் காட்டினேன். அவர் சிரித்துக் கையை ஆட்டிவிட்டு, "ஆரோ எங்கட ஆள் போலை, கை காட்டிறார்" என்று மனிசியிடம் சொல்லிவிட்டுக் கலியாணக் கதையைத் தொடர்ந்தார்.