கல்லுப்பொடியும் சோயாவும்

போன வாரம் சித்தப்பா பையன் போன் பண்ணான். "அண்ணே, பிரேசில்ல சோயாவுக்குப் பொட்டாஷே வாங்குறதில்லையாம். கல்லை அரைச்சுப் போடுறாங்களாம். நாமளும் குவாரியில ரெண்டு லோடு அடிச்சா என்ன?" நமக்கும் பொட்டாஷ் கப்பல்ல வர்ற சரக்குதானே, ஆசைப்படுறதுல தப்பில்லை. ரெண்டு ராத்திரி உக்காந்து படிச்சேன்.

முதல் விஷயம், பொட்டாஷே வாங்குறதில்லைங்கிறது சுத்தப் புருடா. பிரேசில் தனக்கு வேண்டிய பொட்டாஷில் 95 சதவீதத்துக்கு மேல் இறக்குமதி செய்யும் நாடு. கனடா, ரஷ்யா, பெலாரஸ் என்று வாங்குகிறார்கள். 2022-ல் உக்ரைன் போர் வந்து விலை எகிறியபோது நன்றாகவே பயந்தார்கள். பாறைப்பொடியை அதற்கு முன்பே, 2013-ல், உரச் சட்டத்துக்குள் சேர்த்துவிட்டார்கள். ஆக, கல்லைப் போடுவது உண்மை. மூட்டையை விட்டுவிட்டார்கள் என்பது பொய்.

கணக்கைப் பாருங்க. சோயா தழைச்சத்தை வேர் முடிச்சில் தானே செய்துகொள்ளும். சாம்பல்சத்தை மண்ணிலிருந்துதான் உறிஞ்ச வேண்டும். ஒரு டன் விதையோடு சுமார் 20 கிலோ வெளியே போகிறது. எக்டேருக்கு 3.5 டன் விளைந்தால் 70 கிலோ. இதை ஈடுகட்ட 60 சதவீத பொட்டாஷ் சுமார் 117 கிலோ போதும். போசோஸ் தி கல்தாஸ் பக்கம் கிடைக்கும் ஃபோனோலைட் பாறையில் சுமார் 8 சதவீதம்தான். அப்போ 875 கிலோ! அதுவும் உள்ளே இருப்பது மொத்தமும் கரைந்து வந்தால். லாரி வாடகை யார் கொடுப்பது? குவாரி பக்கத்துல இருக்கறவனுக்குத்தான் கட்டும்.

சரி, கரையுமா? அது கல்லைப் பொறுத்தது. கருப்பு மைக்கா கொஞ்சம் சீக்கிரம் விடும். ஃபெல்ட்ஸ்பார் லேசில் விடாது. கிரானைட்டில் குவார்ட்ஸ் வேறு நிறைய. அது பயிருக்கு ஒன்றும் தராது.

எனக்கு உறுத்துவது சோதனை செய்யும் விதம்தான். "கல்லுப்பொடி போட்ட வயலும் பொட்டாஷ் போட்ட வயலும் ஒரே விளைச்சல்" என்று படம் போடுகிறார்கள். எதுவுமே போடாத பாத்தி எங்கே சாமி? மண்ணிலேயே சாம்பல்சத்து தேங்கிக் கிடந்தால் மூன்றுமே ஒரே மாதிரிதான் விளையும். அதில் கல்லுக்கு என்ன பெருமை? அந்த வெறும் பாத்தி விளைச்சல் குறைந்து, கல் போட்டது குறையாமல் நின்றால்தான் நம்பலாம். அதுவும் ஒரு போகத்தில் தெரியாது. இருப்பு தீரணுமே. குறைந்தது மூணு நாலு போகம்.

கல்லுக்கும் ஒரு நியாயம் உண்டு. செராடோ பக்கம் மணல் பாங்கான மண்ணில் பொட்டாஷைப் போட்டால் பெருமழை அடித்துக்கொண்டு போய்விடும். மெதுவாக விடும் கல் அங்கே உபயோகப்படலாம். பாதி பொட்டாஷ், பாதி கல் என்று போடுவது எனக்குப் புத்திசாலித்தனமாகப் படுகிறது.

தம்பிகிட்ட மண் பரிசோதனைக்குக் கொடுக்கச் சொல்லியிருக்கேன். முனகிக்கிட்டே போனை வச்சான். உங்க ஊர்ப்பக்கம் யாராவது வெறும் பாத்தி விட்டு ஒப்பிட்டுப் பார்த்திருந்தா சொல்லுங்க மக்களே.